செம்பனைத் தோட்டத்து ஊரில் கிறிஸ்தவராக நிலைத்திருப்பது: குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

மலேசியாவில் தெற்குக் கெடா மாநிலப் பகுதியில் சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர்களில் வாழ்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பேராக், சிலாங்கூர், ஜொகூர் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும், ஞாயிற்றுக்கிழமை விஷயம் மட்டும் கொஞ்சம் வேறுபடும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் வாழ்க்கை ஒரே இடத்தில் இருந்தது. விடியுமுன்னே பிரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்மரம், மதியம் லயத்து வீடு, சாயங்காலம் தோட்டத்துச் சின்னக் கோவிலில் ஜெபம். யார் கிறிஸ்தவர், யார் எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது, லயம் போய் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, பிள்ளைகள் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் பார்க்கிறார்கள், மருமகள் வேறு மதத்து வீட்டிலிருந்து வருகிறாள், பேரப்பிள்ளை வேதத்தை ஆங்கிலத்தில் வாசிக்கிறான். இந்த மாற்றத்தை நினைத்து அழுதுகொண்டிருப்பதால் பயனில்லை. நிலைத்திருப்பது என்றால் பழைய தோட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்று நினைக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளைத்தான் முதலில் இழக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எண்ணத்தில் நிற்கிறது. நெருக்கடி வரும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். தானியேல் முதலாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பாபிலோன்காரர்கள் வைத்த பெயரை அவன் ஏற்றுக்கொண்டான், அவர்கள் மொழியைப் படித்தான், அவர்கள் அரண்மனையிலேயே வேலையும் பார்த்தான். சாப்பாட்டில் மட்டும் ஒரு கோடு போட்டான், அதையும் தன் இருதயத்தில் முன்கூட்டியே தீர்மானித்தான். அதோடு நிற்கவில்லை. பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்டான், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழியையும் அவனே சொன்னான். நிறைய விஷயத்தில் வளைந்து கொடுத்தான், சிலதில் உறுதியாக நின்றான், நின்ற இடத்திலும் மரியாதையோடு கேட்டான். கீழே வருகிற ஒவ்வொரு படியிலும் இதைத்தான் நம் ஊருக்குத் தகுந்த மாதிரி செய்யப் போகிறோம்.

படி 1: விட மாட்டோம், வளைந்து கொடுப்போம்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் எதை விட மாட்டோம், வலது பக்கம் எதில் வளைந்து கொடுக்கலாம். அப்பா மட்டும் உட்கார்ந்து எழுதக்கூடாது, இடைநிலைப்பள்ளி போகிற பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். இடது பக்கம் நாலைந்து வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு தெய்வத்தை வணங்க மாட்டோம், பொய் சொல்லிக் காசு சம்பாதிக்க மாட்டோம், வீட்டில் கை நீட்ட மாட்டோம், சபைக் கூடுகையை விட மாட்டோம், இந்த மாதிரி. டிரம்ஸ் வாசிக்கலாமா, வெள்ளைச் சேலைதான் கட்ட வேண்டுமா, கீர்த்தனை பாடுவதா புதுப் பாட்டு பாடுவதா என்பதெல்லாம் வலது பக்கம். இடது பக்கம் சின்னதாக இருந்தால்தான் பிள்ளைகள் அதை நிஜமாக மதிப்பார்கள்.

படி 2: வேலை நாளாக வருகிற ஞாயிற்றுக்கிழமை

கெடாவில் இதுதான் பெரிய தலைவலி. மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளிக்கூடம் உண்டு, அரசாங்க அலுவலகம் உண்டு. தொழிற்சாலைகளில் ஷிப்ட் எந்த நாளில் விழும் என்பது அந்தந்தக் கம்பெனியைப் பொறுத்தது. பெரிய வெள்ளி தீபகற்பத்தில் பொது விடுமுறை கிடையாது, சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான். ஆனால் நமக்கு அது எப்படியும் வெள்ளிக்கிழமையில் வருவதால் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது. ஈஸ்டர்தான் மாட்டிக்கொள்ளும், உயிர்த்தெழுதலின் காலையில் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு வேன் ஏற வேண்டியிருக்கும்.

இதை நினைத்து மனம் உடைந்துவிட வேண்டாம். ரோமப் பேரரசில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளானது கி.பி. 321ல், கான்ஸ்டன்டைன் அறிவித்த பிறகுதான். அதுவரை சுமார் மூன்று நூற்றாண்டுகள் கிறிஸ்தவர்கள் வேலை நாளில்தான் கூடினார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன்னே கூடிப் பாடுகிறார்கள் என்று சொல்கிறார். அப்போஸ்தலர் 20ல் துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதலாம் நாள் கூட்டம் நள்ளிரவு வரை நீண்டது, ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான். நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்த பையனாக இருந்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வேன். விடியுமுன்னே எழுந்து வேலைக்குப் போன பால்மரக்காரர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது புரியாத விஷயமா என்ன.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் உங்கள் சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகப் பேசுங்கள். தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நான் வேலைக்கு வருகிறேன், மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை ஷிப்டை மாற்றித் தாருங்கள் என்று நீங்களே ஒரு மாற்று வழியோடு போனால், வெறுங்கையோடு போய்க் கேட்பதை விட நன்றாகக் கேட்பார்கள். பேச்சு எடுபடவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 60P பிரிவுப்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதை மறக்க வேண்டாம். ஆனால் எழுத்தில் கேட்ட விண்ணப்பத்தை அப்படியே மூலையில் போட்டுவிட முடியாது. கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த நாள், எந்த நேரம், பதிலுக்கு நீங்கள் எப்போது வேலை செய்யத் தயார், இவ்வளவுதான். ஈஸ்டருக்கு வருடாந்திர விடுப்பை ஜனவரியிலேயே போட்டு வையுங்கள், நாள்காட்டியில் தேதி முன்பே தெரிந்ததுதானே.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உடம்பு சரியில்லை என்று பொய் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு வராதீர்கள். பக்கத்து மிஷினில் நிற்கிறவர் உங்களுடைய ஷிப்டையும் சேர்த்து இழுத்துவிட்டு, சாயங்காலம் பேஸ்புக்கில் நீங்கள் சபை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நீங்கள் இயேசுவைப் பற்றி என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

சபைக் கமிட்டியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு காலை மட்டும்தான் ஆராதனை என்று பிடிவாதமாக நிற்கிற சபையில் வயதானவர்கள்தான் மிஞ்சுவார்கள். வெள்ளிக்கிழமை காலையோ ஞாயிறு மாலையோ இன்னொரு கூடுகை வைக்க முடியுமா என்று பாருங்கள். ஓய்வுநாள் பள்ளியையாவது வெள்ளிக்கு மாற்றுங்கள். பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கூடத்துக்கும் தேவனுக்கும் நடுவில் மாதாமாதம் இழுத்துக்கொண்டிருப்பது நல்லதில்லை.

படி 3: வீட்டு ஜெபம், மூன்று மொழியில்

பாட்டிக்குத் தமிழ், அம்மாவுக்குத் தமிழும் மலாயும், பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும். இந்த மாதிரி வீட்டில் குடும்ப ஜெபம் சீக்கிரமே பாட்டி மட்டும் ஜெபிக்க மற்றவர்கள் போனைப் பார்க்கிற நேரமாகிவிடும். இதற்குப் பலன் கொடுக்கிற ஒரு முறை உண்டு. மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 16 அதிகாரம், கதைபோல ஓடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். பாட்டி தமிழில் வாசிக்கட்டும், அதே பகுதியைப் பிள்ளை தனக்கு வருகிற மொழியில் வாசிக்கட்டும். பிள்ளை தமிழில் முயற்சி செய்து தடுமாறினால் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள், முடிக்க விடுங்கள். வாசித்த பிறகு ஒரே ஒரு கேள்வி: இதில் சொன்னது இன்றைக்கு உனக்கு எங்கே வந்தது? பிள்ளை ஒன்றும் சொல்லாவிட்டால் நீங்கள் உங்கள் வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அப்புறம் சின்ன ஜெபம், ஒரு பாட்டு. கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

அப்பா இரவு ஷிப்ட் என்றால் கிளம்பும் முன் தன் ஜெபத்தை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிட்டுப் போகலாம். சாப்பாட்டு மேசையில் அதை ஓடவிட்டு எல்லாரும் ஆமென் சொல்லுங்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவே அப்பா தன் பெயரைச் சொல்லி, நாளைக்கு வருகிற கணக்குப் பரீட்சையையும் சொல்லி ஜெபிப்பதைக் கேட்கிற பத்து வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயமே இல்லை.

தமிழை விட்டுவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு முதலில் உட்கார்ந்து தமிழ் படித்தார். 1715ல் அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அதுதான். தமிழ்ப்பள்ளி பக்கத்திலேயே இருக்கும்போது பிள்ளைக்கு வேதத்தைத் தமிழில் வாசிக்கக்கூடத் தெரியாமல் வளர்ப்பது பெரிய இழப்பு.

படி 4: கோயில் திருவிழாவும் சொந்தபந்தமும்

நம்மில் அநேகருடைய குடும்பம் பாதி இந்து, பாதி கிறிஸ்தவம். அத்தை வீட்டில் தீபாவளி, சித்தப்பா வீட்டில் தைப்பூச விரதம், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி. இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பாவமன்னிப்பு கேட்கிறார்கள். சிலர் இரட்சிக்கப்பட்ட அன்றே சொந்தக்காரர்களின் வாசலை மிதிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், பத்து வருடம் கழித்து அக்கா செத்த வீட்டில்தான் தம்பி முகத்தைப் பார்க்கிறார். இரண்டாவது தவறுதான் இன்னும் கொடியது என்பது என் கருத்து, ஏனென்றால் அது பக்தி மாதிரியே தெரியும்.

வரி விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கோயில் தலைவர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது பதில் யோசிக்காதீர்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். பழம் கிழம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு இப்படி இருக்கலாம்.

"அண்ணே, வருசா வருசம் நீங்க வாசல்ல வந்து நிக்கிறதும் நான் தயங்குறதும் எனக்கே சங்கடமா இருக்கு. அதான் முன்னாடியே வந்தேன்."

"சொல்லும்மா."

"பூசைக்கு நான் காசு கொடுக்க முடியாதுண்ணே. எங்க விசுவாசம் அப்படி. ஆனா அன்னைக்கு வர்ற சனத்துக்குத் தண்ணி பாட்டில் முழுக்க நான் இறக்கிடுறேன். பையனையும் அனுப்புறேன், பார்க்கிங்ல நின்னு பார்த்துக்குவான்."

பெரும்பாலான தலைவர்கள் இதை மதிப்பார்கள். அவருக்குத் தேவை காசு மட்டும் இல்லை, இந்த வீடு நம்மை ஒதுக்கவில்லை என்ற நிச்சயமும்தான். ஒருவேளை கோபப்பட்டால் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, சொன்னபடி தண்ணீரை இறக்கிவிடுங்கள். தண்ணீர் கொடுப்பதற்கும் உங்கள் மனசாட்சி இடம் தரவில்லை என்றால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு அதே தொகையைக் கொடுத்துவிட்டு அதையும் அவரிடம் சொல்லுங்கள். ரோமர் 14ல் பவுல் இந்த மாதிரி விஷயத்தில் ஒவ்வொருவனும் தன் மனதில் நிச்சயப்பட்டிருக்க வேண்டும் என்கிறார், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவும் வேண்டாம் என்கிறார். ஆகையால் தண்ணீர் கொடுத்தவரும் கொடுக்காதவரும் அடுத்த வாரம் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி 1 கொரிந்தியர் 10 தெளிவாகவே பேசுகிறது. ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போய், வைத்ததைச் சாப்பிடு, ஒன்றும் துருவித் துருவிக் கேட்காதே. இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவருடைய மனசாட்சிக்காக வேண்டாம் என்று விலகு. எனவே அத்தை வீட்டுத் தீபாவளிக்குத் தாராளமாகப் போங்கள், முறுக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பும் சாப்பிடுங்கள். பூசை அறையில் தட்டு நீட்டினால் கைகூப்பி "எனக்கு வேணாம்த்த, நீங்க பாருங்க" என்று சிரித்தபடி சொன்னால் போதும், அங்கே நின்று பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள், 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம். ரிம்மோன் கோவிலில் தன் எஜமானைத் தாங்கிப் பிடித்துக் குனிய வேண்டிய நிலைமை வரும், கர்த்தர் அதை மன்னிப்பாராக என்று அவன் கேட்டபோது எலிசா திட்டவில்லை, சமாதானத்தோடே போ என்றார். நடக்க முடியாத அப்பாவைக் கைத்தாங்கலாகக் கோயில் வாசல் வரை கூட்டிப்போக வேண்டிய மகனுக்கு இந்தப் பகுதி பெரிய ஆறுதல்.

கிறிஸ்துமசுக்குத் தலைவர் குடும்பத்தையும் அத்தை குடும்பத்தையும் கூப்பிட மறக்காதீர்கள். மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. மாட்டிறைச்சி அன்றைக்கு வீட்டிலேயே வேண்டாம்.

படி 5: காசு

விசுவாசம் முதலில் கசிவது காசு விஷயத்தில்தான். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11 தொடங்குகிறது. செம்பனைக் குலை நிறுக்கிற இடத்திலும் மளிகைக் கடையிலும் அது அப்படியே பொருந்தும்.

கூட்டு கட்டுவது நம் ஊரில் சகஜம். ஒரு குழுவாகச் சேர்ந்து மாதம் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) போட்டு ஒருவர் மொத்தமாக எடுப்பது. நல்ல எண்ணத்தில்தான் பலர் சேர்கிறார்கள், ஆனால் கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. சபைப் பெண்கள் ஐக்கியத்தில் கூட்டு நடக்கிறது என்றால் நிறுத்துங்கள், ஒருத்தர் காசோடு ஓடிவிட்டால் அந்தச் சண்டை சபையைப் பிளந்துவிடும். கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் போகாதீர்கள். உரிமம் உள்ள வட்டிக்காரர் அடமானமில்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது, அடமானம் இருந்தால் 12. அதற்கு மேல் யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல் அமைத்த ஏ.கே.பி.கே. என்கிற கடன் ஆலோசனை அமைப்பு வங்கிக் கடன்களைச் சீராக்க இலவசமாக ஆலோசனை தருகிறது. வெட்கப்படாமல் போங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சபையில் விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூடியூபில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் கியூஆர் கோடு வரும், இத்தனை வெள்ளி விதையுங்கள், இத்தனை மடங்கு திரும்ப வரும் என்பார்கள். செம்பனைக் காட்டில் முதுகு வளைத்துச் சம்பாதித்த காசை முகம் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் போதகர் அரை டாங்கி பெட்ரோலோடு வீட்டு வீட்டாக வந்து ஜெபிக்கிறார், அவருக்கு நேர்மையான சம்பளம் போகிறதா என்று முதலில் பாருங்கள். வருடக் கணக்கைச் சபைக்கு முன்னால் வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் விசுவாசத்தின் பகுதிதான்.

குடியையும் இதே இடத்தில் சேர்க்கிறேன், ஏனென்றால் அது சம்பள நாளில்தான் வீட்டுக்குள் வருகிறது. 1946, 47ல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் தொழிலாளர்களே திரண்டு கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றார்கள், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம் அதில் முக்கியமான இடம். இன்றைக்குச் சம்சு என்கிற மலிவுச் சாராய பாட்டில் எளிதாகக் கிடைக்கிற கடைகளுக்கு எதிராகக் கோயில் கமிட்டியும் சபையும் சேர்ந்தே பேசலாம், இதில் மதம் குறுக்கே வராது. வீட்டில் குடிக்கிறவர் இருந்தால் ஜெபியுங்கள், கூடவே அரசாங்க கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். அடி விழுகிறது என்றால் பொறுத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் எந்தப் போதகரும் சொல்லக்கூடாது, முதலில் பாதுகாப்பான இடம், பிறகு போலீஸ் ரிப்போர்ட், சமரசப் பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

படி 6: கல்யாணம்

சாதியிலிருந்து தொடங்குகிறேன். ஞானஸ்நானம் எடுத்து மூன்று தலைமுறை ஆன குடும்பங்களில்கூட வரன் பார்க்கும்போது "அவுங்க நம்ம ஆளுங்களா" என்று மெதுவாக விசாரிக்கிறார்கள். கலாத்தியர் 3:28ஐ மனப்பாடமாகச் சொல்கிற வாயாலேயே இதைக் கேட்கிறார்கள். படி 1ல் எழுதிய தாளில் இடது பக்கம் இதையும் சேர்த்துவிடுங்கள்: எங்கள் வீட்டில் சாதி பார்த்துப் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மாட்டோம். பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்.

இந்து வீட்டுப் பையனையோ பெண்ணையோ பிள்ளை விரும்பினால் கத்திக் கூச்சல் போடுவதால் காதல் நிற்காது, உங்களிடம் சொல்வது மட்டும்தான் நிற்கும். விசுவாசத்துக்குள் கட்டிக்கொள்வதே நல்லது என்பதை அன்போடு, ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர்கள் உறுதியாக இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டியவை உண்டு. பிறக்கப் போகிற பிள்ளைகளை எந்த விசுவாசத்தில் வளர்ப்பது? பண்டிகைகளில் யார் எது வரை கலந்துகொள்வது? இறந்தால் யாருக்கு எந்த முறையில் அடக்கம்? இதைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே சண்டை வரும். முஸ்லிம் ஒருவரைக் கட்ட வேண்டுமென்றால் மலேசியச் சட்டத்தில் மதம் மாறித்தான் ஆக வேண்டும், அந்த முடிவு பிறக்கப் போகிற பிள்ளைகளையும் பிடிக்கும் என்பதைப் பதினேழு பதினெட்டு வயதிலேயே பிள்ளைகளிடம் நிதானமாக விளக்கிவிடுங்கள்.

பதிவு விஷயம்: 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் போதகர் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவரா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவில் பதிந்த பிறகுதான் கோவில் கல்யாணம்.

படி 7: போன்

"சபையை இடிக்கிறார்கள், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வருவதை அனுப்பாதீர்கள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை விரலுக்கும் பொருந்தும். தாமான் வாட்ஸ்அப் குழுவில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள், அங்கே வசனப் படம் போடாதீர்கள், தண்ணீர் வராத நேரத்தைப் போடுங்கள், யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் போடுங்கள்.

படி 8: அக்கம்பக்கமும் புதிதாக வந்தவர்களும்

அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு தன் மதத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆகவே மலாய் அண்டைவீட்டாரிடம் துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள். நல்ல அண்டைவீட்டாராக இருப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. நோன்பு மாதத்தில் மாலையில் உங்கள் வாசலில் பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள், ஹரிராயாவுக்குப் போங்கள், அவர்கள் வீட்டில் மரணம் என்றால் முதல் ஆளாக நாற்காலி தூக்குங்கள். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்றுதான் 1 பேதுரு 3:15ம் சொல்கிறது.

தோட்டத்தில் இப்போது குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். நூறு வருடத்துக்கு முன் நம் முன்னோர் இருந்த அதே நிலைமையில் இருக்கிறார்கள், பாஸ்போர்ட் முதலாளி கையில், வீடு கடலுக்கு அப்பால். அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தாய் என்று யாத்திராகமம் 22:21 சொல்வதை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும். "பங்களா" என்று அவர்களை இளக்காரமாகக் கூப்பிடுவதை உங்கள் பிள்ளைகள் வாயிலிருந்து முதலில் நிறுத்துங்கள்.

கூலிம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கிற சரவாக், சபா பிள்ளைகளையும் பாருங்கள். 2020 கணக்கெடுப்பின்படி சரவாக் மக்களில் சரிபாதிப் பேர் கிறிஸ்தவர்கள். ஹாஸ்டலில் எட்டுப் பேர் ஒரு அறையில், ஞாயிறு எங்கே போவது என்று தெரியாமல் இருப்பார்கள். சபை மண்டபத்தை மலாய் மொழி ஆராதனைக்குத் திறந்துவிடுங்கள், பிறகு ஒரு தட்டுச் சோறு. தமிழர்கள் குறைந்துகொண்டே போகிற சபைக்கு இவர்களைக் கர்த்தரே அனுப்பியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

படி 9: சாவு வீட்டுக்கு முன்னேற்பாடு

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் பாதி இந்து, பாதி கிறிஸ்தவக் குடும்பங்களில் கடைசிச் சண்டை பெட்டிக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. தாய்மாமன் எண்ணெய் வைக்க வேண்டும் என்பார், மகன் வேண்டாம் என்பான், எட்டாம் துக்கம், கருமாதி என்று ஒவ்வொன்றாக வரும். உயிரோடு இருக்கும்போதே நீங்களே எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகள் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எழுத வேண்டியது: எந்தப் போதகர் அல்லது பங்குத்தந்தை நடத்த வேண்டும், எந்தப் பாட்டுகள், எந்த வேதப்பகுதி, புதைப்பதா எரிப்பதா, எந்தக் கல்லறைத் தோட்டம், அங்கே இடமும் அனுமதியும் இருக்கிறதா, பெட்டிக் கடையின் போன் நம்பர், செலவுக்கான பணம் எந்தக் கணக்கில். தோட்டத்து நிலத்தில் இருக்கிற பழைய கல்லறை என்றால் இன்னும் அங்கே அடக்கம் பண்ண விடுகிறார்களா என்று இப்போதே நேரில் விசாரியுங்கள், தோட்டம் கைமாறியிருந்தால் நிலைமையும் மாறியிருக்கலாம்.

இந்துச் சொந்தக்காரர்களுக்கு என்ன இடம் என்பதையும் எழுதுங்கள். தாய் வீட்டுக் கோடியை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் நிலைப்பாடு, அது வழிபாடு இல்லை, உறவுக்குச் செய்கிற மரியாதை. ஆராதனை தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் அவர்கள் வந்து பூப்போட்டு அழுதுவிட்டுப் போக ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் யாரும் மைக்கில் பாடக்கூடாது. சூடம், தேங்காய், சுற்றி வருவது வேண்டாம் என்றால் அதையும் ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள். எட்டாம் நாளோ முப்பதாம் நாளோ ஒரு ஜெபக்கூட்டம் வைத்து அவர்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடச் சொல்லுங்கள், துக்கத்தில் வீட்டுக்கு வந்துபோக அவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும்.

தேதி போட்டுக் கையெழுத்திட்டு மூன்று பிரதி எடுங்கள். ஒன்று மூத்த பிள்ளையிடம், ஒன்று போதகரிடம், ஒன்று பிறப்புச் சான்றிதழும் வீட்டுக் கிராண்டும் (உரிமைப் பத்திரமும்) இருக்கிற பைலில். தாய்மாமனிடம் பிரதியைக் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள், அவர் என்ன நினைக்கிறார் என்றும் கேட்டு, மாற்றக்கூடியது ஏதாவது இருந்தால் அங்கேயே மாற்றி எழுதிவிட்டு வாருங்கள்.